கணக்கு வரும் என்று சேர்க்கைக் குழுவை எப்படி நம்பவைப்பது?

ஒருவர் எனக்கு அனுப்பிய கேள்வியின் சாரம் இது: வரலாற்றில் இளங்கலை முடித்தவர். கல்லூரியில் கணக்கு என்று பார்த்தால் முதலாண்டில் எழுதிய ஒரே ஒரு புள்ளியியல் தாள், அதிலும் சி கிரேடு. மூன்று ஆண்டுகளாக ஒரு தொண்டு நிறுவனத்தில் தரவுகளோடு மல்லுக்கட்டுகிற வேலை. இப்போது பொதுக்கொள்கையில் முதுகலை படிக்க ஆசை. விண்ணப்பம் அனுப்ப ஒன்பது மாதம் இருக்கிறது. ‘எனக்குக் கணக்கு வரும் என்பதை எப்படிக் காட்டுவது? ஜி.ஆர்.இ. (மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண் மட்டும் போதுமா? அந்த சி கிரேடைப் பற்றி வாய் திறக்கலாமா, கூடாதா?’

நான் சில ஆண்டுகள் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் படித்திருக்கிறேன். அதே துறையில் முதல் பருவப் புள்ளியியல் வகுப்பும் எடுத்தேன். விண்ணப்பத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வகுப்புதான். முதல் பருவத்தின் ஆறாவது வாரம் என்று ஒன்று உண்டு. அதுவரை சராசரி, திட்ட விலக்கம் என்று இதமாகப் போன வகுப்பு திடீரென்று மேடு ஏறும். அப்போது என் அறைக்கு ஒரு மாணவர் வருவார். நன்றாக எழுதுவார், விவாதத்தில் எல்லோரையும் மடக்குவார். ஆனால் பலகையில் கூட்டுத்தொகையைக் குறிக்கும் சிக்மா குறி இரண்டை அடுக்கி எழுதினால் அவர் பேனா நின்றுவிடும். அவருக்கும் வேதனை, எனக்கும் வேதனை. குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருமே இப்படி ஒருவரைப் பார்த்தவர்கள். நீங்கள் மேதையா என்று அவர்கள் தேடுவதில்லை. ஆறாவது வாரத்தில் இவர் மூழ்கிவிடுவாரா என்பதுதான் அவர்கள் மனத்தில் ஓடும் கேள்வி. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தாளும் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள்.

முதலில் எவ்வளவு கணக்கு வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கணக்குத் திறனைக் குறிக்கும் ‘குவான்ட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல விஷயங்கள் அடைந்து கிடக்கின்றன. பொருளியலில் முனைவர் பட்டத்துக்குப் போகிறவரிடம் பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, இவற்றுக்கு மேல் ரியல் அனாலிசிஸ் வரை எதிர்பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்ன பாடத்தில் எண்ணே அதிகம் வராது, எல்லாம் நிறுவல்தான். ஒரு கூற்றை அடி முதல் நுனி வரை ஓட்டையில்லாமல் நிறுவ வருமா என்பதற்கு அது அத்தாட்சி. அதற்காகவே அதைத் தேடுகிறார்கள். அரசியல் அறிவியல், சமூகவியல் முனைவர் படிப்புகளுக்கு ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் புள்ளியியல் முறை) வரை ஒழுங்காகப் படித்திருந்தால் நல்ல தொடக்கம். மேலாண்மைப் படிப்புக்கு விகிதம், வட்டி, வரைபடம், கணக்கேடு என்று எண்களோடு கூச்சமில்லாமல் புழங்க வேண்டும். பொதுக்கொள்கை இவற்றுக்கு நடுவில் எங்கோ நிற்கிறது, அதுவும் இடத்துக்கு இடம் மாறும். ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் சர்வதேச வளர்ச்சிக்கான பொது நிர்வாக முதுகலை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நுண்பொருளியல், பேரியல் பொருளியல், பன்மாறி நுண்கணிதம் மூன்றையும் பல்கலைக்கழக அளவில் படித்திருக்க வேண்டும். அதே பள்ளியின் மற்ற படிப்புகளுக்கு இவ்வளவு கறார் இல்லை. ‘பொதுக்கொள்கைக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல துறைகள் வகுப்பு தொடங்கும் முன் ‘மேத் கேம்ப்’ என்ற பெயரில் சில நாட்களோ சில வாரங்களோ கணக்குப் பயிற்சி நடத்துகின்றன. அதன் பாடத்திட்டமும் பயிற்சித் தாள்களும் பெரும்பாலும் இணையத்திலேயே கிடக்கும். நீங்கள் சேர விரும்பும் துறையினுடையதை எடுத்து, கையில் பேனாவோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். கண்ணால் படித்துவிட்டு ‘ஆமாம், இது தெரியும்’ என்று தலையாட்டுவது கணக்கில் சேராது. பேனா எந்த இடத்தில் நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஒன்பது மாதத்துக்கான வேலை.

இனி சான்றுகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் கனமானது மதிப்பெண் பட்டியல். காரணம் எளிது: அது உங்கள் வாயால் வந்தது இல்லை. வேறொருவர் தாள் கொடுத்து, நேரம் வைத்து, திருத்தி, ஒரு கிரேடு போட்டிருக்கிறார். பட்டியலைப் பார்க்கிறவர் ஒட்டுமொத்தச் சராசரியோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம். கணக்கு சார்ந்த பாடங்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போவார். எந்த ஆண்டு எடுத்தார், கிரேடு ஏறுகிறதா இறங்குகிறதா, நடுவில் கைவிட்ட பாடம் உண்டா என்று பார்ப்பார். முதலாண்டில் சி வாங்கி மூன்றாமாண்டில் அதைவிடக் கடினமான பாடத்தில் ஏ வாங்கியவரைக் கண்டால் குழுவுக்கு நிம்மதிதான். எல்லாவற்றிலும் ஏ வாங்கிவிட்டு, கணக்கு வாசனை அடித்த பாடங்களை மட்டும் லாவகமாகத் தவிர்த்தவரைக் கண்டால்தான் புருவம் உயரும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் கோட்டை விடுவது. சில பாடங்களின் பெயர் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்காது. ‘சமூக ஆய்வு முறைகள் 2’ என்று பட்டியலில் இருக்கும். உள்ளே பாதிப் பருவம் ரெக்ரஷன் நடத்தியிருப்பார்கள். படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? சில பொதுக்கொள்கைப் பள்ளிகள் கணக்குப் பின்னணியை மட்டும் விவரிக்கும் தனித் தாள் ஒன்றையே கேட்கின்றன. கேட்காத இடத்திலும் தன்விவரக் குறிப்பில் நான்கு வரி ஒதுக்கி, பாடத்தின் பெயர், உள்ளே நடத்தியது, பாடநூல், கிரேடு என்று எழுதிவிடலாம்.

உங்கள் பட்டியலில் இருப்பது ஒரே ஒரு தாள், அதுவும் சி. ஆகவே புதிதாக ஏதாவது ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கிரேடு தரும் பாடமாக எடுங்கள். பக்கத்துக் கல்லூரியின் மாலை வகுப்போ, ஒரு பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவு இணையத்தில் நடத்துவதோ, எதுவானாலும் சரி. முடிவில் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் ஒன்று கைக்கு வர வேண்டும். காணொளி பார்த்து முடித்ததற்கான சான்றிதழுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்பின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் ‘அதை முழுவதும் பார்த்தேன்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் அது சான்றாகாது. பார்த்தீர்கள் என்பது தெரியும், புரிந்ததா என்பது தெரியாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு: கண்காணிப்போடு தேர்வு நடத்தும் இணையப் பாடங்கள். எம்.ஐ.டி.யின் மைக்ரோமாஸ்டர்ஸ் திட்டங்கள் அந்த ரகம். அவற்றில் புள்ளியியலுக்கும் தரவு அறிவியலுக்குமான ஒன்று இருக்கிறது. தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு மூன்றையும் சேர்த்த இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவதை நன்றாக முடித்தவர்கள் அதே பெயரில் எம்.ஐ.டி. நடத்தும் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம்; அங்கே அந்தப் பாடங்களில் எப்படிச் செய்தார்கள் என்பதே முக்கியச் சான்று. உங்கள் ஆர்வத்துக்கு அது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். ஆனால் முதலில் சொன்ன புள்ளியியல் திட்டத்தின் நிகழ்தகவுப் பாடம் பூப்போல இருக்கும் என்று நினைத்து இறங்காதீர்கள். நுண்கணிதம் துருப்பிடித்திருந்தால் முதல் மாதமே மூச்சு வாங்கும்.

எந்தப் பாடம்? ஒன்றுதான் முடியும் என்றால் உங்கள் நிலையில் நான் புள்ளியியலைத் திரும்ப எடுப்பேன், பழைய தாளைவிட ஒரு படி மேலே உள்ளதாக. இரண்டு முடியும் என்றால் நுண்கணிதத்தையும் சேர்ப்பேன். மூன்று எடுத்து எல்லாவற்றிலும் பி வாங்குவதைவிட இரண்டு எடுத்து ஏ வாங்குவது மேல். கெடு தேதிக்குள் முடியாத பாடத்தை ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று குறிப்பிடலாம், ஆனால் கிரேடு இல்லாத வரை அதற்குப் பாதி மதிப்புதான்.

ஜி.ஆர்.இ. பற்றி எல்லோரும் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு அந்தத் தேர்வு ஒரு மணி 58 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. கணக்குப் பகுதியில் 27 கேள்விகள், 47 நிமிடம். மதிப்பெண் 130 முதல் 170 வரை. கேட்பது எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுகளை வாசித்தல். நுண்கணிதமும் முக்கோணவியலும் கிடையாது. திரையில் ஒரு கால்குலேட்டரும் தருவார்கள். பொறியாளர்களும் கணிதம் படித்தவர்களும் கூட்டமாக எழுதுவதால் கணக்கில் 170 வாங்கினாலும் 99 பெர்சன்டைல் (எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரை முந்தினீர்கள் என்ற அளவு) வராது. 90-ஐச் சற்றே தாண்டும். மொழிப் பகுதியில் 170-க்கு 99 கிடைக்கும். எனவே மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்காமல் பெர்சன்டைலையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தத் தேர்வால் என்ன ஆகும்? குறைந்த மதிப்பெண் சந்தேகத்தைக் கூட்டும். உயர்ந்த மதிப்பெண் ஓரளவு தணிக்கும். பள்ளிக் கணக்கு மறக்கவில்லை என்று மட்டும் அது சொல்லும். ஆறாவது வாரத்தைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. பல படிப்புகளில் இன்று அது கட்டாயமும் இல்லை. ஆனால் உங்களைப் போல் பட்டியலில் கணக்கே இல்லாதவருக்கு ‘விருப்பமிருந்தால் அனுப்பலாம்’ என்பதை ‘அனுப்பு’ என்று படித்துக்கொள்வது நல்லது. மூன்று மாதம் ஒதுக்கி ஒழுங்காகத் தயார் செய்து ஒருமுறை எழுதுங்கள். சரியாக வரவில்லை என்றால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எந்த முறை வாங்கிய மதிப்பெண்ணை அனுப்புவது என்பது உங்கள் கையில். மேலாண்மைப் படிப்புக்காரர்கள் ஜிமேட் என்ற தங்கள் நுழைவுத் தேர்வைப் பார்ப்பார்கள். அதன் இப்போதைய வடிவத்தில் கணக்கு தவிர ‘டேட்டா இன்சைட்ஸ்’ என்ற தனிப் பகுதியே இருக்கிறது.

நீங்கள் கேட்காததைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது: செய்து காட்டிய வேலை. 

2013-இல் வெளிவந்த ஒரு கதை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பொருளியல் முனைவர் மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டனுக்கு வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம்: வெளியான ஆய்வுக்கட்டுரை ஒன்றை எடுத்து, அதே தரவிலிருந்து அதே முடிவு வருகிறதா என்று செய்து பார்க்க வேண்டும். அவர் எடுத்தது ஹார்வர்டின் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகோஃபும் 2010-இல் எழுதிய, அரசுக் கடன் அளவு மீறினால் வளர்ச்சி குன்றும் என்ற பெயர்பெற்ற கட்டுரை. எப்படிப் போட்டாலும் அவர்களுடைய எண் வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே கேட்டு எக்செல் கோப்பை வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 30-ஆவது வரிசையில் தொடங்கி 49 வரை போக வேண்டும். அது 44-இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. வேறு சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதையும், நாடுகளுக்குக் கொடுத்த எடையின் முறையையும் சேர்த்துத் திருத்தியபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாக மாறியது.

நீங்கள் இப்படி உலகத்தைப் புரட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த வீட்டுப்பாடத்தின் உருவத்தைக் கவனியுங்கள்: வெளியான ஒரு முடிவு, பொதுவில் கிடைக்கும் தரவு, அதைத் திரும்பச் செய்து பார்த்தல். உங்கள் வயதில், உங்கள் பின்னணியில், கணக்குத் திறனைக் காட்ட இதைவிடக் கச்சிதமான வேலை கிடையாது. கேள்வியை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விடை சரியா என்று ஒத்துப்பார்க்கவும் வழி இருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் இதழ்கள் கட்டுரையோடு தரவையும் நிரலையும் பொதுக் கிடங்கில் வைக்கின்றன. ஹார்வர்ட் டேட்டாவர்ஸ் என்ற இணையத் தரவுக் கிடங்கில் அரசியல் அறிவியல் கட்டுரைகளின் தரவுகள் குவிந்து கிடக்கின்றன. உங்கள் ஆர்வத்துக்கு நெருக்கமான ஒன்றை எடுத்து, அதன் முதன்மை அட்டவணை ஒன்றை மட்டும் ‘ஆர்’ என்ற நிரல்மொழியிலோ பைத்தானிலோ மறுபடி உருவாக்குங்கள். பிறகு ஒரே ஒரு அனுமானத்தை மாற்றுங்கள். ஒரு ஆண்டை விட்டுப் பாருங்கள், ஒரு பகுதியைத் தனியே பிரித்துப் பாருங்கள். என்ன மாறியது, ஏன் மாறியிருக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள்.

இதை நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைத்தால் பார்ப்பார்களா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், பலர் பார்க்க மாட்டார்கள். பார்ப்பவரும் இரண்டு நிமிடம்தான் பார்ப்பார். அந்த இரண்டு நிமிடத்துக்காக முன்பக்கத்தில் பத்து வரி எழுதிவையுங்கள்: கேள்வி என்ன, தரவு எங்கிருந்து, முடிவு என்ன, எதை நம்பக்கூடாது. முப்பது கோப்புகளைக் கொட்டிவைத்து ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று பெயர் வைத்திருந்தால் வைக்காமலிருப்பதே நல்லது. நிரலை ஏதாவது ஒரு கருவி எழுதிக்கொடுத்திருந்தால், ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். நேர்காணலில் நான் அதைத்தான் கேட்பேன்.

உங்களிடம் இன்னொரு புதையல் இருக்கிறது, அதை நீங்கள் பாதி வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்: மூன்றாண்டு வேலை. ‘தரவுகளோடு வேலை’ என்று எழுதினால் அது எதையும் சொல்லாது. ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பதாரர் எழுதும் நோக்க அறிக்கைகளில், நான் படித்தவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: ‘சிறுவயது முதலே எண்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம். பணியிடத்தில் பெருந்தரவுகளைப் பகுப்பாய்வு செய்து, ஆதாரபூர்வமான முடிவுகள் எடுக்கப் பெரும் பங்காற்றினேன்.’ இதைப் படித்ததும் கண் அடுத்த பத்திக்கு வழுக்கிவிடும். இப்போது இதைப் பாருங்கள். எண்கள் என் கற்பனை, வகை உண்மை:

‘எங்கள் அமைப்பு 41 பள்ளிகளில் மாலை வாசிப்பு வகுப்பு நடத்துகிறது. வகுப்புக்கு வரும் குழந்தைகள் வராதவர்களைவிட 9 மதிப்பெண் அதிகம் வாங்குகிறார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதினோம். வருகைப் பதிவேட்டை, வகுப்பு தொடங்கும் முன் வைத்த தேர்வோடு இணைத்துப் பார்த்தேன். வந்தவர்கள் தொடக்கத்திலேயே 6 மதிப்பெண் முன்னால் இருந்தவர்கள். மிச்சம் 3. அதிலும் பெற்றோரின் அக்கறைக்கு எவ்வளவு பங்கு என்று என்னிடமிருந்த தரவால் பிரிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக இருந்த ஏழு பள்ளிகளில் குலுக்கல் முறையில் சேர்க்கலாம் என்றேன். நான்கு பள்ளிகள் ஒப்புக்கொண்டன.’

இதில் ‘எனக்குக் கணக்கு வரும்’ என்ற சொல்லே இல்லை. ஒரு சூத்திரம் இல்லை, மென்பொருளின் பெயர்கூட இல்லை. ஆனால் படிக்கிறவர் ஓரத்தில் குறித்துக்கொள்வார்: இரண்டு தரவுகளை இணைக்கத் தெரிகிறது, ஒப்பீடு எங்கே ஏமாற்றும் என்று தெரிகிறது, தன் நிறுவனத்துக்குச் சாதகமான எண்ணையே சந்தேகப்படும் துணிவு இருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிகிறது. மூன்று ஆண்டில் இப்படி ஒரு மதியம்கூடவா உங்களுக்கு வாய்க்கவில்லை? கட்டாயம் வாய்த்திருக்கும். பழைய மின்னஞ்சல்களைத் தோண்டுங்கள்.

எண்ணைச் சந்தேகப்படுவது என்றதும் ஒரு பழைய உதாரணம் நினைவுக்கு வருகிறது, அதுவும் மேற்படிப்புச் சேர்க்கை பற்றியதே. 1973-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேரில் சுமார் 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 4,321 பேரில் சுமார் 35 விழுக்காட்டினருக்கு. பாரபட்சம் என்று உடனே சொல்லத் தோன்றும். பிக்கெல், ஹாமெல், ஓகானல் ஆகியோர் துறை துறையாகப் பிரித்துப் பார்த்து 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: பிரித்ததும் அந்த இடைவெளி மறைந்து, பெண்களுக்குச் சற்றுச் சாதகமாகக்கூடத் திரும்பியது. பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்கு. அந்தக் கட்டுரையில் இன்னொரு கவனிப்பும் உண்டு: சுலபமாக இடம் கிடைத்த துறைகள் பெரும்பாலும் இளங்கலையில் கணக்கு அதிகம் கேட்டவை. அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வரலாறு படித்தவர் ஒருவர், தொகுத்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தானாக யோசிப்பதைத் தன் எழுத்து மாதிரியில் காட்டினால், அந்த ஒரு பக்கத்துக்காகவே நான் அவருக்கு வாதாடியிருப்பேன்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது உங்கள் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும். வரலாற்றுப் பேராசிரியர் ‘கூர்மையான மாணவர்’ என்று எவ்வளவு உருகி எழுதினாலும் இந்தச் சந்தேகத்தை அவரால் தீர்க்க முடியாது. புதிதாக எடுக்கும் பாடத்தின் ஆசிரியரிடம் முதல் வாரத்திலிருந்தே முகம் காட்டுங்கள், கேள்வி கேளுங்கள். பருவம் முடிந்ததும் கடிதம் கேட்கலாம். இல்லையென்றால் அலுவலக மேலாளர். ஒரு மேலாளரின் கடிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீளமான கடிதம் இல்லை. அறிக்கை அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது, வருமான நெடுவரிசையில் இருந்த சுழியங்களில் பாதி உண்மையான சுழியம் இல்லை, பதில் சொல்லாதவர்களுக்குப் போட்டது என்று இந்தப் பெண் கண்டுபிடித்தார். எல்லோரும் முணுமுணுத்தோம், அவர் அசையவில்லை, அட்டவணை முழுவதையும் திரும்பப் போட்டோம். அவ்வளவுதான் கடிதத்தின் சாரம். குழுவில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்படிப்பட்ட சம்பவம் எழுதுகிறவருக்குத் தானாக நினைவுக்கு வராது. கடிதம் கேட்கும்போதே அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: என்ன செய்தேன், எப்போது, என்ன ஆனது. புகழ்ச்சியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சம்பவத்தை நீங்கள்தான் தர வேண்டும்.

தன்விவரக் குறிப்பில் ‘எக்செல், பைத்தான், ஸ்டாட்டா, எஸ்.கியூ.எல்.’ என்று கருவிகளை வரிசை கட்டி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டுத் தேர்ச்சியைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. ஒவ்வொரு கருவியையும் எந்த வேலைக்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி போதும். தெரியாததைச் சேர்க்காதீர்கள். நேர்காணலில் ஒரே கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

கடைசியாக, அந்த சி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. பட்டியலில் கணக்கு என்று இருப்பதே அது ஒன்றுதான், எல்லோர் கண்ணிலும் படும். சொல்லிவிடுங்கள், ஆனால் நோக்க அறிக்கையில் வேண்டாம். அங்கே இருக்கும் இடம் விலை மதிப்புள்ளது. கூடுதல் விளக்கத்துக்கென்று ஒரு பெட்டி பெரும்பாலான விண்ணப்பங்களில் இருக்கும். அதில் நான்கு வாக்கியம்: ‘முதலாண்டுப் புள்ளியியலில் சி வாங்கினேன். அந்தப் பருவத்தில் வீட்டுப்பாடங்களை ஒழுங்காகச் செய்யவில்லை. இந்த ஆண்டு அதற்கு அடுத்த நிலைப் புள்ளியியலும் நுண்கணிதமும் மாலை வகுப்பில் படித்து இரண்டிலும் ஏ வாங்கியிருக்கிறேன். பட்டியல் இணைப்பில் உள்ளது.’ நோய், குடும்பத்தில் இழப்பு போன்ற உண்மையான காரணம் இருந்தால் ஒரு வரியில் சொல்லலாம். ஆசிரியர் சரியில்லை, தாள் கடினம், எனக்கும் கணக்குக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை என்பதெல்லாம் வேண்டாம். வேடிக்கைக்காக எழுதினாலும் ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற தொனி தாளில் ஏறிவிட்டால் படிக்கிறவர் அதை அப்படியே நம்பிவிடுவார். மூன்றாவது வாக்கியம் இல்லாமல் முதல் இரண்டை மட்டும் எழுதுவதிலும் பயனில்லை. பாடத்தில் சேர்வதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பாடத்துக்கான சேர்க்கை தொடங்க இன்னும் சில வாரம் இருக்கும். அதற்குள் நான் சொன்ன மேத் கேம்ப் தாளைத் தேடி எடுங்கள், ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். எத்தனையாவது கணக்கில் பேனா நின்றது என்று மேலே தேதி போட்டு எழுதிவையுங்கள். எந்தப் பாடத்தில் சேர்வது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.